பத்து என்றால் பதினெட்டு

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டில் பெயர்கள் பொய் சொல்லத் தொடங்கி வெகுநாட்கள் ஆகின்றன. 'பிக் டென்' என்ற பெயரில் பத்து இருக்கிறது; எண்ணிப் பார்த்தால் உறுப்பினர் 18. 'பிக் ட்வெல்வ்' என்பதில் பன்னிரண்டு. உள்ளே இருப்பவர் 16. 'அட்லாண்டிக் கோஸ்ட்' என்பது கிழக்குக் கடற்கரையைச் சுட்டும் பெயர். 2024 முதல் அதில் பசிபிக் கரையை அடுத்த ஸ்டான்ஃபோர்டும், பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் ஆடுகின்றன. 'பேக்-12' என்ற பெயரோ 2024, 2025 ஆகிய இரண்டு பருவங்களில் இரண்டே இரண்டு பல்கலைக்கழகங்களைக் குறித்து நின்றது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றி ஓயாமல் பேசித் தீர்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடச் சுவையான வேடிக்கை வாய்ப்பது அரிது.

இலக்கியம் பேசும் இடத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஊர், அண்டை வீடு, தலைமுறைப் பகை, பாகப்பிரிவினை, கைவிடப்பட்டோரின் மனக்கசப்பு ஆகியவற்றை வைத்தே உலகின் நல்ல நாவல்களில் பாதி எழுதப்பட்டிருக்கின்றன. இந்தச் செய்தியில் அவை அனைத்தும் இருக்கின்றன. ஆகவே பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அறியாதவர்களுக்காக முதலில் சில வரிகள். இங்கே கால்பந்து என்று நாங்கள் குறிப்பிடுவது, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்க ஆட்டத்தை. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தமக்குள் குழுக்களாகச் சேர்ந்து, குழுவுக்குள் ஆண்டுதோறும் மோதிக்கொள்கின்றன. அத்தகைய குழுவுக்குக் 'கான்ஃபரன்ஸ்' என்று பெயர். நாங்கள் கூட்டமைப்பு என்று சொல்லிக்கொள்வோம். ஒரே கூட்டமைப்புக்குள் இருப்பதால் யாருடன் ஆடுவது என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. தொலைக்காட்சி உரிமையையும் கூட்டமைப்பே மொத்தமாக விற்று, வரும் பணத்தைப் பங்கிடுகிறது. கூட்டமைப்பு என்பது ஒருபுறம் அண்டை வீட்டார் சங்கம். மறுபுறம் பங்கு நிறுவனம். இவ்விரண்டு இயல்புகளும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பதுதான் கடந்த நாற்பது ஆண்டுகளின் கதை.

இந்த ஆட்டத்தைப் பின்தொடர்வோர் கூடும் இடங்களிலெல்லாம் ஒரே கேள்விதான் சுற்றி வருகிறது: அடுத்த பெரிய அணி எங்கே போகும்? ஃப்ளோரிடா ஸ்டேட் எந்த வீட்டுக் கதவைத் தட்டும்? கிளெம்சன் உடன் செல்லுமா? நோட்டர் டேம் தன் தனிக்குடித்தனத்தை விட்டு இறங்கி வருமா? இவை சுவாரசியமான ஊகங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இக்கேள்வி தொடக்கத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பது எங்கள் எண்ணம். போகிறவரின் முகவரியைத் தேடுகிற நாம், எஞ்சியவரின் முகவரியைக் கேட்பதே இல்லை. பெரிய அணி எங்கே போனால் ஆதாயம் என்பதைக் காட்டிலும், போகும்போது யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதே தீர்க்க வேண்டிய வழக்கு.

*

பழைய கணக்கைப் புரட்டாமல் இதைப் பேச இயலாது. 1915 டிசம்பரில் ஒரெகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் நான்கு பல்கலைக்கழகங்கள் கூடிப் பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்பை நிறுவின: கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஒரெகன், அப்போது வேளாண் கல்லூரியாக இருந்த ஒரெகன் ஸ்டேட். 1917இல் வாஷிங்டன் ஸ்டேட்டும் அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்தன. யு.எஸ்.சி. 1922இலும் யு.சி.எல்.ஏ. 1928இலும் வந்தன. இடையில் ஊழல் குற்றச்சாட்டுகளால் 1959இல் அமைப்பு கலைந்து வேறு பெயரில் மீண்டது. 1978இல் அரிசோனா மாநிலத்தின் இரு பல்கலைக்கழகங்களும், 2011இல் கொலராடோவும் யூட்டாவும் சேர, எண்ணிக்கை பன்னிரண்டாயிற்று. பெயரும் எண்ணிக்கையும் ஒத்திருந்த காலம் அது.

எல்லாவற்றையும் மாற்றிய திருப்பம் 1984 ஜூனில் நிகழ்ந்தது. அதுவரை எந்த அணியின் ஆட்டம் எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பே முடிவு செய்தது. பெரிய அணிகளேயானாலும் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் தோன்ற முடியாது. ஒக்லஹோமா, ஜார்ஜியா ஆகிய பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அக்கட்டுப்பாடு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் நீதிபதி பைரன் வைட். அவரே 1930களில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கால்பந்து வீரர். கல்லூரி விளையாட்டைச் சந்தைச் சரக்காக மட்டும் பார்ப்பது தவறு என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் ஆடிய அதே கொலராடோ பின்னாளில் 2011இல் ஒரு வீட்டிலிருந்து வெளியேறி, 2024இல் அதே பெயர்ப்பலகையின் கீழ்த் திரும்பி வந்தது. வரலாற்றுக்குக் கேலி செய்யத் தெரியும்.

தீர்ப்பின் பலனை முதலில் அனுபவித்தவர் பெரியவர். முதலில் அடிபட்டது டெக்சஸ் மாநிலத்தின் தென்மேற்குக் கூட்டமைப்பு. 1914இல் பிறந்த அது 1996இல் மூடப்பட்டது. டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம், டெக்சஸ் டெக், பெய்லர் ஆகிய நான்கும் புதிதாய் உருவான பிக் ட்வெல்வுக்குப் போயின. ரைஸ், ஹூஸ்டன், டி.சி.யு., எஸ்.எம்.யு. ஆகிய நான்கும் நடுத்தெருவில் நின்றன. இவற்றுள் டி.சி.யு. மீண்டும் மேல்தளத்துக்கு ஏற 2012 வரையும், ஹூஸ்டன் 2023 வரையும் காத்திருக்க நேர்ந்தது. எஸ்.எம்.யு. 2024இல் அட்லாண்டிக் கூட்டமைப்பில் நுழைந்தபோது ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நுழைந்தது. வெளியே நின்ற ஆண்டுகள் ஒரு நிறுவனத்தை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு அந்தக் கையொப்பமே சான்று. ரைஸ் இன்னும் வெளியில்தான் இருக்கிறது.

ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சொல்லும்போது ஒரு நினைவு. 1962 செப்டம்பரில் அதிபர் கென்னடி நிலவுப் பயணத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியது ரைஸின் கால்பந்து அரங்கத்தில்தான். நிலவுக்கு ஏன் செல்ல வேண்டும், உயர்ந்த மலைமேல் ஏன் ஏற வேண்டும் என்று அடுக்கியவர், அதே மூச்சில் ரைஸ் ஏன் டெக்சஸுடன் ஆடுகிறது என்றும் கேட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. சிறிய கல்லூரி பேரரசுடன் மோதுவது நிலவுப் பயணத்துக்கு ஒப்பான அரிய செயல் என்பது அந்த வேடிக்கையின் உட்பொருள். அந்த மோதல் அரிதாயிருந்தாலும் உறுதியாயிருந்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1996க்குப் பிறகு டெக்சஸ் விரும்பினால்தான் ரைஸுக்கு ஆட்டம்.

*

மேற்கே நடந்தது இதே கதையின் பெரிய பதிப்பு. 2022 ஜூன் 30 அன்று யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. ஏழு வாரங்களில் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகியவற்றுடன் ஏழாண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பிக் டென் கையெழுத்திட்டது. மறுபுறம் பேக்-12 ஓராண்டு முழுவதும் பேரம் பேசி, கடைசியில் ஆப்பிள் நிறுவனத்தின் இணையவழி ஒளிபரப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றது. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஒரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் ட்வெல்வுக்கும் போயின. செப்டம்பர் முதல் நாள் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக்கில் அடைக்கலம் புகுந்தன. அதுவும் முதல் ஏழு ஆண்டுகளுக்கு முப்பது விழுக்காட்டுத் தொலைக்காட்சிப் பங்குக்கு ஒப்புக்கொண்டு. 108 ஆண்டுக் குடும்பம் ஒரு கோடைக்காலத்தில் சிதறியது.

யார் எஞ்சினர்? ஒரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். இவ்விரண்டும் உழவும் தொழிலும் கற்பிப்பதற்கென 1862ஆம் ஆண்டு மோரில் சட்டத்தின் நிலக்கொடையால் பயன்பெற்ற பல்கலைக்கழகங்கள். அந்த இரு மாநிலங்களிலும் அழைத்துக்கொள்ளப்பட்டது நகரத்துப் பிள்ளை. விடப்பட்டது வயற்காட்டுப் பிள்ளை. வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன், கோதுமைக் குன்றுகளுக்கு நடுவே சுமார் 33,000 பேர் வாழும் ஊர். அவர்களுடைய அரங்கத்தின் கொள்ளளவும் ஏறக்குறைய 33,000. ஊர் மொத்தமும் அரங்கத்துக்குள் அடங்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சனிக்கிழமை ஆட்டம் என்பது எமது ஊர்களின் தேர்த்திருவிழா போன்றது: உணவகத்துக்கும் விடுதிக்கும் அது வருமானம், படித்து வெளியேறிப் போனவர்களுக்குத் திரும்பி வருவதற்கான சாக்கு.

ஒளிபரப்புப் பணம் போனதும் ஆட்கள் போயினர். ஒரெகன் ஸ்டேட்டின் பயிற்சியாளர் ஜோனதன் ஸ்மித், அதே பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். அதன் அணிக்குத் தலைமைதாங்கி 2001 புத்தாண்டு நாளில் நோட்டர் டேமை 41–9 என்று வீழ்த்தியவர். அவரே 2023 நவம்பரில் பிக் டென்னைச் சேர்ந்த மிச்சிகன் ஸ்டேட்டுக்குச் சென்றார். வாஷிங்டன் ஸ்டேட்டின் நட்சத்திர ஆட்டக்காரர் கேம் வார்ட் அடுத்த பருவத்துக்கு மயாமிக்குச் சென்றார். அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. இடிந்த வீட்டில் தங்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது.

எஞ்சிய இருவரும் நீதிமன்றம் சென்று, போகிறவர்கள் போகுமுன் குடும்பச் சொத்தைப் பற்றி வாக்களிக்கக் கூடாது என்று வாதாடி வென்றனர். 2023 நவம்பரில் வாஷிங்டன் மாநில நீதிமன்றம் ஆட்சிக்குழுவை அவர்களிடமே ஒப்படைத்தது. பிறகு இரண்டு பருவங்கள் மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பினருடனும் பிறருடனும் ஆட்டங்களைக் கடன்வாங்கி ஓட்டினர். 2025இல் அட்டவணையை நிரப்ப ஆளில்லாமல், இருவரும் ஒரே பருவத்தில் தமக்குள்ளேயே இருமுறை ஆடிக்கொண்டனர். அந்த இரண்டாவது ஆட்டத்தில் இந்தக் கதையின் முழுச் சோகமும் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது.

இங்கே எம் தரப்பைச் சங்கடப்படுத்தும் உண்மை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கைவிடப்பட்ட இருவரும் மீண்டெழுந்த வழி என்ன? தமக்கு ஆட்டம் தந்து உதவிய மவுண்டன் வெஸ்ட்டிலிருந்து ஐந்து பல்கலைக்கழகங்களைப் பெயர்த்தெடுத்தனர்: பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட். டெக்சஸ் ஸ்டேட்டையும், கால்பந்து ஆடாத கொன்சாகாவையும் சேர்த்துக்கொண்டு, 2026 ஜூலையைப் புதிய பேக்-12இன் தொடக்கமாகக் குறித்தனர். ஆட்களை இழுத்தால் செலுத்துவதாக ஒப்புக்கொண்டிருந்த சுமார் ஐந்தரைக் கோடி டாலர் அபராதத்தையும் எதிர்த்து வழக்காடினர். மருமகளாக அடிபட்டவள் மாமியாரானதும் அடித்த கதைதான். அந்த மவுண்டன் வெஸ்ட்டும் மற்றொரு கூட்டமைப்பை உடைத்துக்கொண்டு 1990களின் இறுதியில் பிறந்ததே. இங்கே தூய கை எவருக்கும் இல்லை. ஆகவே நல்லவர் கெட்டவர் என்று பிரித்துத் தீர்ப்புச் சொல்வது எங்கள் நோக்கமன்று. ஒவ்வொருவரையும் அடுத்தவர் மீது ஏறி நிற்கச் செய்கிற ஏற்பாட்டைத்தான் கேள்விக்குட்படுத்துகிறோம்.

*

போகிறவர் தரப்பு வாதத்தையும் அதற்குரிய மதிப்போடு கேட்போம். ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 பருவத்தில் பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்று அட்லாண்டிக் கூட்டமைப்பின் வாகையரானது. நான்கு அணிகள் ஆடும் தேசிய இறுதிச் சுற்றுக்கு அது தேர்வாகவில்லை. முன்னணி ஆட்டக்காரரின் காயம் காரணமாகக் காட்டப்பட்டது. தென்கிழக்குக் கூட்டமைப்பிலோ பிக் டென்னிலோ தோல்வியறியாது வென்ற ஓர் அணிக்கு இந்த அவமானம் நேர்ந்திருக்குமா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த டிசம்பரிலேயே வழக்குத் தொடுத்தனர். வெளியேறினால் 57.2 கோடி டாலர் இழக்க நேரும் என்பது அவர்களே மனுவில் காட்டிய கணக்கு. காரணம், ஒளிபரப்பு உரிமைகளை 2036 வரை கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுத்திருந்த பத்திரம்.

2025 மார்ச்சில் சமரசம் ஏற்பட்டது. தொலைக்காட்சி வருவாயின் அறுபது விழுக்காட்டைப் பார்வையாளர் எண்ணிக்கைப்படி பங்கிடுவது என்றும், வெளியேறும் தொகையை ஆண்டுக்கு ஆண்டு குறைத்து 2030–31 பருவத்தில் 7.5 கோடி டாலராக்குவது என்றும் முடிவாயிற்று. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு அமைதி. உள்ளே நாள் குறித்தாயிற்று. பிக் டென்னின் ஒப்பந்தம் 2029–30 பருவத்தோடும், பிக் ட்வெல்வின் ஒப்பந்தம் அதற்கடுத்த பருவத்தோடும் முடிகின்றன. நோட்டர் டேம், என்.பி.சி.யுடன் செய்த ஒப்பந்தம் 2029 வரை. எல்லாக் கடிகாரங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மணி அடிக்கவிருக்கின்றன. 2025 முதல் ஆட்டக்காரர்களுக்குப் பல்கலைக்கழகங்களே நேரடியாக ஊதியம் தரலாம். முதலாண்டு வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பணத்தேவை ஏறியிருக்கிறது. ஆகவே 2030ஐ ஒட்டி ஒரு பெரிய இடப்பெயர்ச்சி வராது என்று நம்புவது கடினம்.

இதில் ஒரு சிறு நகைமுரணையும் குறித்துக்கொள்ளலாம். பதின்மூன்று வெற்றி கண்ட ஃப்ளோரிடா ஸ்டேட் அடுத்த ஆண்டே பன்னிரண்டில் பத்து ஆட்டங்களைத் தோற்றது. பங்கு கேட்காமல் உள்ளே வந்த எஸ்.எம்.யு. அதே ஆண்டில் கூட்டமைப்பின் இறுதியாட்டம் வரை போய், தேசியச் சுற்றிலும் ஆடியது. யார் பெரியவர் என்பது காலத்துக்குக் காலம் மாறும். மாறாத ஒன்றின் மீது கட்ட வேண்டிய வீட்டை மாறுகிற ஒன்றின் மீது கட்டுகிறார்கள்.

கூட்டமைப்பு மாறினால் பழைய பகை அழிந்துவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வரலாறு அதற்கு முழுமையாகச் சான்று தரவில்லை. தென் கரோலினா பல்கலைக்கழகம் 1971இல் அட்லாண்டிக்கை விட்டு விலகியது; இருந்தும் கிளெம்சனுடன் அதன் ஆட்டம் தொடர்ந்தது. ஃப்ளோரிடாவும் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் ஒரே கூட்டமைப்பில் ஒருபோதும் இருந்ததில்லை. 1958இல் தொடங்கிய அவர்கள் பகை கொழுந்துவிட்டு எரிகிறது. ஆனால் 1894இல் தொடங்கிய டெக்சஸ் – ஏ அண்ட் எம் ஆட்டம் 2011இல் நின்று 2024 வரை மீளவில்லை. ஒக்லஹோமாவின் இரு பல்கலைக்கழகங்கள் 2023 நவம்பரில் ஆடிய ஆட்டத்தோடு அந்த ஆண்டுச் சடங்கு முடிவுக்கு வந்தது. வேறுபாடு எங்கே இருக்கிறது? இருவரும் ஒருவரையொருவர் விடக்கூடாது என்று உறுதி பூண்ட இடத்தில் ஆட்டம் பிழைத்தது; பிரிந்தவர்கள் முகம் திருப்பிக்கொண்ட இடத்தில் மடிந்தது. முன்பு கூரை செய்த வேலையை இப்போது மனம் செய்யவேண்டியிருக்கிறது. மனம் மாறும்.

அரசு நினைத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் உண்மையன்று. 1994இல் டெக்சஸ் மாநில அரசியலின் பெருந்தலைகள் தலையிட்டதால்தான் டெக்சஸ் டெக்கும் பெய்லரும் உடன் அழைத்துச் செல்லப்பட்டன என்பது அங்கே ஊரறிந்த செய்தி. 2003இல் அட்லாண்டிக் கூட்டமைப்பு விரிந்தபோது சிராக்யூஸ் வருவதாக இருந்தது. விர்ஜினியா ஆளுநர் மார்க் வார்னர் கொடுத்த அழுத்தத்தால், விர்ஜினியா பல்கலைக்கழகம் தன் வாக்கைத் தன் மாநிலத்து விர்ஜினியா டெக்கின் பக்கம் நிறுத்தியது. அண்ணன் தன் இடத்தைப் பயன்படுத்தித் தம்பியைக் கரையேற்றினான். 2024இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு மற்றொரு வழி கண்டது: பிக் டென்னுக்குப் போன யு.சி.எல்.ஏ., பெர்க்லிக்கு மூன்றாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 1 கோடி டாலர் தரவேண்டும். ஏளனமாக ஜீவனாம்சம் என்றனர் பலர். நாங்கள் அதை ஏளனமாகக் கருதவில்லை. பிரிவில் கடமை உண்டு என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட அரிய ஆவணம் அது. ஒரெகனிலும் வாஷிங்டனிலும் 2023இல் அப்படிக் கேட்பாரில்லை.

*

சரி, எங்கள் யோசனைதான் என்ன? மூன்று கூறுகிறோம்.

முதலாவது, கால்பந்தைப் பிற ஆட்டங்களிலிருந்து பிரிக்க வேண்டும். கால்பந்து அணி பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம் ஆடுகிறது. அதிலும் பாதி சொந்த ஊரில். வெளியூர்ப் பயணம் ஐந்தோ ஆறோதான். அதுவும் பெரும்பாலும் சனிக்கிழமைகளில். பேஸ்பால் அணியோ ஐம்பதுக்கு மேல் ஆடுகிறது. கைப்பந்து ஆடும் மாணவியர்க்கு வார நாட்களிலும் ஆட்டம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் இடையே ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். ஸ்டான்ஃபோர்டிலிருந்து பாஸ்டன் 4,300 கிலோமீட்டர். தொலைக்காட்சி விலைகொடுத்து வாங்கியது கால்பந்தை. தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில் விமானத்தில் உறங்குவது நீச்சல்காரியும் கைப்பந்துக்காரியும். யு.சி.எல்.ஏ. கால்பந்தின் அப்போதைய பயிற்சியாளர் சிப் கெல்லியே 2023 டிசம்பரில் இத்தகைய பிரிப்பை வலியுறுத்தினார். இது நடவாத காரியமும் அன்று. நோட்டர் டேம் கால்பந்தில் தனித்து நின்றுகொண்டு, பெரும்பாலான பிற ஆட்டங்களை 2013 முதல் அட்லாண்டிக் கூட்டமைப்பில் ஆடிவருகிறது. பெரிய வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த சலுகையை எல்லார்க்கும் பொதுவிதி ஆக்கினால் போதும்.

இரண்டாவது, வெளியேறும் தொகையின் ஒரு பங்கு, வழக்கறிஞர்களுக்கும் எஞ்சிய பணக்காரர்களுக்கும் போவதற்கு முன்பாக, அதனால் மிகுந்த இழப்புக்குள்ளாகும் உறுப்பினருக்குச் சேர வேண்டும். பெர்க்லிக்குச் செய்ததை ஒரே நிர்வாகத்துக்குள் மட்டும் செய்ய வேண்டும் என்று எந்த நியதியும் இல்லை.

மூன்றாவது, மக்கள் வரிப்பணத்தில் நிலைபெற்ற பல்கலைக்கழகம், தன் மாநிலத்து உடன்பிறப்புடன் ஆண்டுதோறும் ஆடும் ஆட்டத்தை நீண்டகால ஒப்பந்தமாக எழுதி வைத்த பின்னரே இடம்பெயர வேண்டும். வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் பிரிவுக்குப் பின் 2028 வரை ஆட உடன்பட்டன. அதன் முதல் ஆட்டம் 2024 செப்டம்பரில் சியாட்டில் நகரில் நடந்தது. கைவிடப்பட்ட வாஷிங்டன் ஸ்டேட் 24–19 என்று வென்றது. அன்றைய புல்மனின் மகிழ்ச்சியை எந்த ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பிலும் எழுத முடியாது. ஆனால் அந்த ஆட்டம் நடக்கவேண்டும் என்று ஓர் ஒப்பந்தத்தில் எழுத முடிந்தது. எங்கள் கோரிக்கை அவ்வளவே.

இவையெல்லாம் பழம்பெருமை பேசுவோரின் ஏக்கம் என்று சிலர் தள்ளிவிடலாம். ஏக்கம் கொஞ்சம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் கணக்கும் எங்கள் பக்கம் இருக்கிறது. தொலைக்காட்சி எதை விலைகொடுத்து வாங்குகிறது? நூறாண்டுப் பகையை. அரங்கத்தை நிரப்புவது எது? தாத்தா பார்த்த ஆட்டத்தைப் பேரன் பார்க்க வருவது. அண்டை வீட்டாரை இழந்த அணியிடம் விற்பதற்கு மிஞ்சுவது சீருடையும் முத்திரையும் மட்டுமே. பசுவின் மடியையே விற்றுவிட்டுப் பாலுக்குக் காத்திருப்பவர்களாக இவர்கள் ஆகிவிடக் கூடாது.

2030 வாக்கில் ஃப்ளோரிடா ஸ்டேட் எங்கே போகும் என்று கேட்டால், எங்கு பணம் மிகுதியோ அங்கே என்றுதான் விடை வரும்; அதைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை. அது போகுமிடத்தின் பெயர் என்னவாயினும், அதிலிருக்கும் எண்ணும் திசையும் பொய்யாகவே இருக்கும். அன்று எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்றை: ஒரே பருவத்தில் தமக்குள் இருமுறை ஆடிக்கொள்ளும் நிலைக்கு இன்னும் எத்தனை பல்கலைக்கழகங்கள் தள்ளப்பட்டிருக்கின்றன என்பதை. ரைஸ் ஏன் டெக்சஸுடன் ஆடுகிறது என்ற பழைய கேள்விக்கு ஒரு காலத்தில் எளிய விடை இருந்தது. இருவரும் அண்டை வீட்டார்.